நிகழ்வாய்வு நேர்முகத் தேர்வும் நிறுவன உத்தி நேர்முகத் தேர்வும்

நிகழ்வாய்வு நேர்முகத் தேர்வு என்பது மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் தமக்குரிய ஆலோசகர்களைத் தெரிவு செய்யப் பயன்படுத்தும் தேர்வு முறையாகும். இதில் விண்ணப்பதாரரிடம் ஒரு வணிகச் சிக்கல் கொடுக்கப்படும். அதை அவர் தேர்வாளரின் முன்னிலையில், ஏறத்தாழ அரை மணி நேரத்தில், வாய்விட்டுச் சிந்தித்துத் தீர்க்க முயல வேண்டும். பேச்சு வழக்கில் இது கேஸ் இன்டர்வியூ எனப்படுகிறது. நிறுவன உத்தி நேர்முகத் தேர்வு என்பது ஒரு பெரிய நிறுவனம் தன்னுடைய சொந்த உத்தித் துறைக்கு ஆள் எடுக்கும்போது நடத்தும் தேர்வாகும்.

இவ்விரண்டு பணிகளுக்கும் பெரும்பாலும் ஒரே வகையான பட்டதாரிகளே விண்ணப்பிக்கின்றனர். ஆலோசனை நிறுவனங்களில் சில ஆண்டுகள் பணியாற்றியோர் பின்னர் நிறுவன உத்தித் துறைகளுக்குச் செல்வதும் வழக்கம். இதனால் ஒன்றுக்குச் செய்த ஆயத்தமே மற்றதற்கும் போதும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உள்ளது. ஆனால் இரு தேர்வுகளும் அளக்க முயல்வது வெவ்வேறு திறன்களை ஆகும். முன்னது அறிமுகமில்லாத சிக்கலை ஒழுங்குபடுத்தும் திறனை அளக்கிறது. பின்னது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை அறிந்து, அதற்காக ஒரு முடிவை எடுத்து, அம்முடிவின் விளைவுகளோடு அங்கேயே இருந்து பணியாற்றும் திறனை அளக்கிறது.

இரு பணிகளின் இயல்பு

மேலாண்மை ஆலோசகர் வெளியாள் ஆவார். அவர் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ பணியாற்றி, பரிந்துரை அளித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் செல்கிறார். இந்த மாதம் சிமெந்து, அடுத்த மாதம் மருத்துவமனை என்று துறைகள் மாறிக்கொண்டிருக்கும். எனவே தெரியாத துறையை விரைவாகப் புரிந்துகொள்ளும் ஆற்றலே அவருடைய முதன்மைக் கருவியாகும்.

நிறுவன உத்தித் துறையில் பணியாற்றுபவர் உள்ளாள் ஆவார். நிறுவனத்தின் ஆண்டுத் திட்டம், இயக்குநர் குழுவுக்கான அறிக்கைகள், பிற நிறுவனங்களைக் கையகப்படுத்துவது பற்றிய ஆய்வு, புதிய தொழில்களில் இறங்குவது, நலிந்த தொழில்களை விற்பது, போட்டியாளர்களைக் கவனிப்பது ஆகியவை இத்துறையின் வழக்கமான பணிகள். உத்தித் துறைக்கு நேரடியாக ஆணையிடும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. உற்பத்தி, விற்பனை, நிதி ஆகிய பிரிவுகளின் தலைவர்களை இணங்கவைத்தே அது எதையும் செய்ய முடியும். தவறான பரிந்துரையை அளித்தவர் அடுத்த ஆண்டும் அதே பிரிவுத் தலைவர்களுடன் அதே மேசையில் அமர வேண்டியிருக்கும்.

வரலாறு

நிகழ்வாய்வு முறையின் வேர் சட்டக் கல்வியில் உள்ளது. 1870 இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், சட்ட விதிகளை மனனம் செய்விப்பதற்கு மாறாக, உண்மையான வழக்குகளை மாணவர்கள் ஆராய்ந்து விதிகளைத் தாமே கண்டறியும் முறையை அறிமுகப்படுத்தினார். 1908 இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி பின்னர் இம்முறையைத் தனதாக்கிக்கொண்டது. சட்டம் பயின்றவரான வாலஸ் டொனம் 1919 இல் அதன் முதல்வரானபின் இம்முறை வேகம் பெற்றது. ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி 1921 இல் எழுதப்பட்ட நிகழ்வாய்வு அப்பள்ளியின் முதல் எழுத்துவடிவ நிகழ்வாய்வாகக் கருதப்படுகிறது. 1961 இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்புடன் நிறுவப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் வழியாக இம்முறை இந்தியாவிலும் வேரூன்றியது.

ஆலோசனைத் தொழிலும் இதே காலத்தில் வளர்ந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்சி 1926 இல் தம் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1933 இல் அதில் சேர்ந்த மார்வின் பவர், பிற்காலத்தில் அதன் தலைவராக இருந்தபோது, நீண்ட தொழில் அனுபவம் உடையோருக்குப் பதிலாக வணிகப் பள்ளிகளிலிருந்து வெளிவரும் இளைஞர்களைப் பெருமளவில் சேர்க்கும் வழக்கத்தை உருவாக்கினார். 1963 இல் புரூஸ் ஹெண்டர்சன் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பையும், 1973 இல் அதிலிருந்து பிரிந்த பில் பெய்ன் பெய்ன் நிறுவனத்தையும் தொடங்கினர். அனுபவமில்லாத இளைஞரை எடுக்கும்போது அவருடைய பழைய சாதனைகளைக் கேட்டு அதிகம் அறிய முடியாது. அவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதைக் கண்ணெதிரே காண வேண்டும். நிகழ்வாய்வுத் தேர்வு இந்தத் தேவைக்குப் பொருந்தியது.

நிறுவன உத்தித் துறைகளின் வரலாறு சற்று வேறானது. ஆல்பிரட் சாண்ட்லர் 1962 இலும் இகோர் அன்சாப் 1965 இலும் வெளியிட்ட நூல்கள் நிறுவன உத்தியைத் தனி ஆய்வுப் பொருளாக்கின. 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற பெரிய அமெரிக்க நிறுவனங்கள் விரிவான திட்டமிடல் துறைகளை வைத்திருந்தன. 1981 இல் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்ற ஜாக் வெல்ச் அத்துறையைப் பெரிதும் சுருக்கினார். திட்டம் தீட்டுவோருக்கும் தொழிலை நடத்துவோருக்கும் இடையே உள்ள இந்த இழுபறி, இன்றைய உத்தித் தேர்வுகளின் கேள்விகளிலும் வெளிப்படுகிறது.

நிகழ்வாய்வுத் தேர்வின் அமைப்பு

இத்தேர்வு பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் விண்ணப்பதாரரின் பின்னணி, தலைமைப் பண்பு, கடினமான சூழ்நிலைகளை அவர் கையாண்ட விதம் ஆகியவை பற்றிய கேள்விகள் இடம்பெறும். அடுத்து நிகழ்வாய்வு நடைபெறும். இறுதியில் விண்ணப்பதாரர் தம் கேள்விகளைக் கேட்கலாம். சில நிறுவனங்களில் தேர்வாளரே ஒவ்வொரு படியாகக் கேள்விகளைக் கேட்டு வழிநடத்துவார். மெக்கின்சி இம்முறைக்குப் பெயர்பெற்றது. வேறு சில நிறுவனங்களில் அடுத்து எதை ஆராய்வது என்பதை விண்ணப்பதாரரே முடிவு செய்ய வேண்டும்.

நிகழ்வாய்வுகளில் அடிக்கடி வரும் வகைகள் பின்வருமாறு:

* இலாபம் குறைந்ததற்கான காரணத்தைக் கண்டறிதல்
* புதிய சந்தையில் நுழைவதா என முடிவு செய்தல்
* ஒரு நிறுவனத்தை வாங்குவதா என ஆராய்தல்
* புதிய பொருளுக்கு விலை நிர்ணயித்தல்
* சந்தையின் அளவை மதிப்பிடுதல்

சந்தை அளவை மதிப்பிடும் கேள்விகள் இயற்பியலாளர் என்ரிக்கோ பெர்மியின் பெயரால் பெர்மி மதிப்பீடுகள் எனவும் அழைக்கப்படுகின்றன. சிக்காகோ நகரில் எத்தனை பியானோ சுருதி சேர்ப்போர் இருப்பர் என்பது அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புகழ்பெற்ற கேள்வியாகும். இவ்வகைக் கேள்விகளில் சரியான எண்ணை விட, அதை அடையும் வழியே முதன்மையானது.

எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் மக்கள் வாழும் ஒரு நகரத்தில் ஆண்டுக்கு எத்தனை இருசக்கர வண்டி டயர்கள் மாற்றப்படும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு 4 பேர் எனக் கொண்டால் 2.5 இலட்சம் வீடுகள் உள்ளன. பத்து வீடுகளுக்கு 8 வண்டிகள் எனக் கொண்டால் 2 இலட்சம் வண்டிகள், அதாவது 4 இலட்சம் டயர்கள் ஓடுகின்றன. ஒரு டயர் நான்கு ஆண்டுகள் உழைக்கும் எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் டயர்கள் மாற்றப்படும். புதிய வண்டிகளில் பொருத்தப்படும் டயர்கள் தொழிற்சாலைக்கு நேரடியாக விற்கப்படுவதால் அவை இக்கணக்கில் சேரா. இந்தக் கடைசிக் குறிப்பைத் தாமாகவே சொல்பவர் கேள்வியின் எல்லையை உணர்ந்தவர் என மதிக்கப்படுவார்.

நிகழ்வாய்வுக்கான ஆயத்தம்

சிக்கலைக் கூறுபடுத்துதல்

சிக்கலை ஒன்றோடொன்று மேவாத, ஆனால் சேர்த்துப் பார்த்தால் எதுவும் விடுபடாத கூறுகளாகப் பிரிப்பது ஆலோசகர்களின் அடிப்படைப் பயிற்சியாகும். இக்கொள்கையை 1960களில் மெக்கின்சியில் பணியாற்றிய பார்பரா மிண்டோ பரவச் செய்தார். முடிவை முதலில் கூறி, அதைத் தாங்கும் காரணங்களைப் படிப்படியாகக் கீழே அடுக்கும் எழுத்து முறையையும் அவர் வகுத்தார். இது கூம்புக் கோட்பாடு எனப்படுகிறது. தேர்வின் இறுதியில் தேர்வாளர் சுருக்கம் கேட்கும்போது, பரிந்துரையை முதல் வாக்கியத்திலேயே சொல்வது இக்கோட்பாட்டின் வழியாகும்.

மைக்கேல் போர்ட்டர் 1979 இல் முன்வைத்த ஐந்து விசைகள் போன்ற சட்டகங்களைக் கற்பது பயன் தரும். ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரே சட்டகத்தை ஒப்பிப்பது குறையாகவே கருதப்படுகிறது. கொடுக்கப்பட்ட சிக்கலுக்கு ஏற்ற கூறுகளை விண்ணப்பதாரர் தாமே அமைக்க வேண்டும்.

மனக்கணக்கு

கணிப்பான் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. விழுக்காடு, பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றைத் தாளில் விரைவாகச் செய்யும் பழக்கம் வேண்டும். 240 கோடியில் 17 விழுக்காட்டைக் காண, 10 விழுக்காடு 24 கோடி, 7 விழுக்காடு 16.8 கோடி, ஆக மொத்தம் 40.8 கோடி எனப் பிரித்துச் செய்வது எளிது. விடை கிடைத்தவுடன் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்வதும் தேர்வின் பகுதியேயாகும்.

வாய்விட்டுச் சிந்தித்தல்

மனத்துக்குள் சரியாகச் சிந்தித்து வாய்க்குள் விழுங்குபவர் இத்தேர்வில் வெல்வது அரிது. எனவே தனியே நூல் படிப்பதை விட, ஒருவர் தேர்வாளராகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் மாறி மாறி அமர்ந்து பயில்வது சிறந்த வழியாகும். வணிகப் பள்ளிகளின் மாணவர் மன்றங்கள் இதற்கென்றே பயிற்சிகளை நடத்துகின்றன. தேர்வாளராக அமர்வதாலும் பயன் உண்டு. பிறர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைக் கவனித்தவர் அதே இடத்தில் தாம் தடுமாறுவதை உணர்வார்.

நிறுவன உத்தித் தேர்வின் அமைப்பு

ஆலோசனை நிறுவனங்களின் தேர்வுகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில் உள்ளன. நிறுவன உத்தித் தேர்வுக்கு அத்தகைய பொது வடிவம் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேற்ற முறையைக் கையாள்கிறது. எனினும் பின்வரும் கூறுகள் பொதுவாகக் காணப்படுகின்றன:

* விண்ணப்பதாரர் முன்பு செய்த பணிகளை ஆழமாகத் துருவும் கேள்விகள்
* நிறுவனத்தின் தொழில், போட்டியாளர்கள், அண்மைக்கால முடிவுகள் பற்றிய உரையாடல்
* நிறுவனம் உண்மையாகவே எதிர்கொள்ளும் ஒரு சிக்கலைப் பற்றிய கலந்துரையாடல்
* வீட்டில் செய்து கொண்டுவர வேண்டிய அளிக்கை அல்லது நிதிக் கணக்கீட்டுத் தேர்வு
* நிதி, விற்பனை முதலிய பிரிவுகளின் மேலாளர்களுடன் தனித்தனிச் சந்திப்புகள்

இறுதியில் கூறப்பட்ட சந்திப்புகளைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அப்பிரிவுகளின் ஒத்துழைப்பு இன்றி உத்தித் துறை இயங்க இயலாது. ஆகவே அம்மேலாளர்களின் கருத்துக்குப் பெரும் எடை உண்டு.

ஒரே சிக்கல், இரு தேர்வுகள்

வேறுபாட்டை விளக்க ஒரு கற்பனை அடுமனை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆண்டு வருவாய் 100 கோடி ரூபாய். சென்ற ஆண்டு 10 கோடியாக இருந்த இலாபம் இந்த ஆண்டு 6 கோடியாகக் குறைந்துள்ளது. வருவாயில் மாற்றமில்லை.

நிகழ்வாய்வுத் தேர்வில் விண்ணப்பதாரர் இலாபத்தை வருவாய், செலவு என இரண்டாகப் பிரிப்பார். வருவாய் மாறவில்லை, ஆகவே செலவு 90 கோடியிலிருந்து 94 கோடியாகியுள்ளது. அவர் செலவின் கூறுகளைக் கேட்கிறார். மூலப்பொருள் 40 கோடி, இதர செலவு 10 கோடி, இவற்றில் மாற்றமில்லை. ஊதியம் 25 கோடியிலிருந்து 27 கோடியாகவும், வாடகை 15 கோடியிலிருந்து 17 கோடியாகவும் உயர்ந்துள்ளன. அவசரப்படுபவர் இங்கேயே நின்று, வாடகையையும் ஊதியத்தையும் குறைக்கப் பரிந்துரைப்பார். கவனமானவர் இரண்டும் ஏன் ஒருசேர உயர்ந்தன என்று கேட்பார். கடைகளின் எண்ணிக்கை 50 இலிருந்து 60 ஆனது என்ற விடை வரும். அப்படியானால் ஒரு கடையின் சராசரி வருவாய் 2 கோடியிலிருந்து ஏறத்தாழ 1.67 கோடியாகச் சரிந்துள்ளது. மாறாததாகத் தோன்றிய வருவாயில்தான் உண்மையான சிக்கல் மறைந்திருந்தது. புதிய கடைகள் பழைய கடைகளின் வாடிக்கையாளர்களையே இழுத்துக்கொண்டனவா, அல்லது எல்லாக் கடைகளிலும் தேவை குறைந்ததா என்பது அடுத்த கேள்வி. இந்த இடத்தை அடைந்தவர் தேர்வில் நன்கு செய்தவர் ஆவார்.

அதே நிறுவனத்தின் உத்தித் துறைக்கான தேர்வில், இதுவரை கூறியவை அனைத்தும் விண்ணப்பதாரருக்கு முன்பே தெரிந்திருக்கும் என எதிர்பார்க்கப்படும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் இவ்விவரங்களில் பெரும்பகுதி ஆண்டறிக்கையிலேயே இருக்கும். எனவே கேள்வி வேறு இடத்தில் தொடங்கும். அடுத்த ஆண்டு மேலும் 10 கடைகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விரிவாக்கப் பிரிவின் தலைவர் அதை நிறுத்த விரும்பவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது போன்றதாக அது அமையலாம். ஒப்பந்தத்தை முறிப்பதற்கான இழப்பீடு, விரிவாக்கப் பிரிவின் ஊக்கத்தொகை கடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததா இலாபத்தைப் பொறுத்ததா என்பது, முதலீட்டாளர்களுக்கு முன்பு அளிக்கப்பட்ட வாக்குறுதி ஆகியவை இங்கு எழும். கூறுபடுத்தும் திறன் இங்கும் தேவை. ஆனால் அது தொடக்கம் மட்டுமே.

நிறுவன உத்தித் தேர்வுக்கான ஆயத்தம்

நிறுவனத்தைப் படித்தல்

குறைந்தது மூன்று ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளை வரிசையாகப் படிப்பது நல்ல தொடக்கமாகும். ஓர் அறிக்கையை மட்டும் படித்தால் நிறுவனம் இன்று சொல்வது தெரியும். மூன்றையும் படித்தால், முன்பு சொன்னவற்றில் எது நிறைவேறியது, எது ஓசையின்றிக் கைவிடப்பட்டது என்பதும் தெரியும். காலாண்டு முடிவுகளின்போது பங்கு ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள் நிறுவனத்தின் பலவீனமான இடங்களைக் காட்டும். நிறுவனத்தின் கடைக்குச் செல்வது, பொருளை வாங்கிப் பயன்படுத்துவது, முன்னாள் பணியாளர்களிடம் உரையாடுவது ஆகியனவும் ஆயத்தத்தின் பகுதிகளாகும்.

நிதி அறிவு

ஆலோசனைத் தேர்வை விட இங்கு நிதிக் கணக்கு ஆழமாகக் கேட்கப்படலாம். இலாபமும் மதிப்பும் ஒன்றல்ல என்பதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்று 100 கோடி முதலிட்டு ஓராண்டின் முடிவில் 110 கோடி பெறுவது இலாபமாகத் தோன்றும். ஆனால் நிறுவனத்தின் மூலதனச் செலவு ஆண்டுக்கு 12 விழுக்காடு எனில், அந்த 110 கோடியின் நிகழ்கால மதிப்பு ஏறத்தாழ 98.2 கோடி மட்டுமே. இத்திட்டம் நிறுவனத்தின் மதிப்பை 1.8 கோடி குறைக்கிறது.

கடந்த முடிவுகளை ஆராய்தல்

நிறுவனம் முன்பு எடுத்த பெரிய முடிவு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அன்று இருந்த தகவல்களைக் கொண்டு மட்டும் அதை ஆராய்வது சிறந்த பயிற்சியாகும். 2006 இல் டிஸ்னி நிறுவனம் பிக்சார் அசைபட நிறுவனத்தை ஏறத்தாழ 740 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்துக் கையகப்படுத்தியதை எடுத்துக்கொள்ளலாம். பிக்சார் படங்களை டிஸ்னி வெளியிடுவதற்கான ஒப்பந்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு 2004 இல் முறிந்திருந்தது. டிஸ்னியின் சொந்த அசைபடப் பிரிவு நலிந்திருந்தது.

பிக்சாரின் வருங்காலப் படங்களின் வருவாயைக் கணக்கிட்டு விலை தகுமா என்று பார்ப்பது நிகழ்வாய்வின் வழி. உத்தித் துறையில் பணியாற்றுபவர் மேலும் பலவற்றைக் கேட்க வேண்டும். வாங்கியபின் அங்குள்ள படைப்பாளிகள் வெளியேறாமல் இருப்பார்களா? இரு அசைபடப் பிரிவுகளையும் இணைப்பதா, தனித்தனியே வைப்பதா? யார் தலைமை ஏற்பது? உண்மையில் பிக்சார் தனி அமைப்பாகவே விடப்பட்டது. அதன் தலைவர்களான எட் கேட்மல், ஜான் லாசெட்டர் ஆகியோரிடமே டிஸ்னியின் அசைபடப் பிரிவும் ஒப்படைக்கப்பட்டது.

தன் அனுபவத்தை விளக்குதல்

ஒரு பரிந்துரையை அளித்தேன் என்பதோடு நிறுத்தாமல், அது ஏற்கப்பட்டதா, யார் எதிர்த்தனர், எதிர்ப்பில் நியாயம் இருந்ததா, இறுதியில் என்ன நடந்தது என்பவற்றைச் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆலோசனைத் துறையிலிருந்து வருவோருக்கு இது கடினமான பகுதியாகும். பலருக்குத் தம் பரிந்துரையின் பிந்தைய கதை தெரிந்திருப்பதில்லை. முன்பு பணியாற்றிய திட்டங்களின் முடிவைத் தேர்வுக்கு முன் விசாரித்து அறிந்துகொள்வது நன்று. ஆனால் முன்னாள் வாடிக்கையாளரின் மறைபொருளான விவரங்களை வெளியிடலாகாது. அவ்வாறு வெளியிடுபவர் நாளை தம் நிறுவனத்தின் விவரங்களையும் வெளியிடுவார் என்று தேர்வாளர் எண்ணுவது இயல்பு.

உத்தித் துறையின் அதிகாரம் குறித்த ஒரு நிகழ்வு

நிறுவன உத்தித் தேர்வில் பணிவும் இணங்கவைக்கும் திறனும் ஏன் சோதிக்கப்படுகின்றன என்பதற்கும் டிஸ்னி நிறுவனம் ஓர் எடுத்துக்காட்டாகும். 1984 முதல் 2005 வரை மைக்கேல் ஐஸ்னர் தலைமையில் இருந்த காலத்தில், அந்நிறுவனத்தின் உத்தித் திட்டமிடல் துறை மிகுந்த செல்வாக்குப் பெற்றது. திறமையான பலர் அங்கு பணியாற்றினர். பெய்ன் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்த மெக் விட்மன் 1989 இல் அத்துறையில் சேர்ந்தார். பின்னர் 1998 இல் ஈபே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

ஆனால் தொழிற்பிரிவுகளின் முடிவுகள் யாவும் உத்தித் துறையின் சல்லடை வழியே சென்றதால், பிரிவுத் தலைவர்களிடம் மனக்கசப்பு வளர்ந்தது. 2005 மார்ச்சில் அடுத்த தலைவராக அறிவிக்கப்பட்ட பாப் ஐகர், சில நாட்களிலேயே அத்துறையைக் கலைத்துச் சிறிய குழுவாக்கி, முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிரிவுகளிடமே திருப்பியளித்தார். 2019 இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பு நூலில் அவர் இதை விவரித்துள்ளார். அத்துறையினரின் பகுப்பாய்வுத் திறன் குறைவுபட்டதாக யாரும் கூறவில்லை. தொழிலை நடத்துவோரின் நம்பிக்கையை இழந்ததே அத்துறைக்குக் கேடாயிற்று.

ஒப்பீடு

* காலம்: நிகழ்வாய்வில் சிக்கல் அங்கேயே கொடுக்கப்பட்டு அங்கேயே தீர்க்கப்படும். உத்தித் தேர்வில் சிக்கல் நிறுவனத்தின் பெயரிலேயே அடங்கியுள்ளது. விண்ணப்பதாரர் அதை முன்பே சிந்தித்து வர வேண்டும்.
* துறை அறிவு: முன்னதில் பொதுவாகத் தேவையில்லை. பின்னதில் இன்றியமையாதது.
* தேர்வாளர்: முன்னதில் அதே பயிற்சி பெற்ற ஆலோசகர். பின்னதில் உத்தித் துறையினரோடு பிற பிரிவுகளின் மேலாளரும் இருப்பர்.
* விடையின் முடிவு: முன்னதில் தெளிவான பரிந்துரை. பின்னதில் பரிந்துரையோடு, அதை யார், எப்போது, எந்த எதிர்ப்பைக் கடந்து செய்வது என்பதும் வேண்டும்.
* பயிற்சி: முன்னதற்குப் பலமுறை இணையராக அமர்ந்து பயில வேண்டும். பின்னதற்கு ஒரே நிறுவனத்தை நீண்ட நேரம் படிக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒருசேர விண்ணப்பிக்கும் மாணவர், நிகழ்வாய்வுப் பயிற்சியை முதலில் தொடங்குவது பொருத்தமானது. அத்திறன் படிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். படிந்தபின் எந்த நிறுவனத்துக்கும் உதவும். உத்தித் தேர்வுக்கான படிப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாகச் செய்யப்பட வேண்டியது. ஆகவே பல நிறுவனங்களுக்கு மேலோட்டமாக விண்ணப்பிப்பதை விட, சிலவற்றைத் தெரிந்தெடுத்து ஆழ்ந்து படிப்பதே பயன் தரும்.

பொதுவான பிழைகள்

நிகழ்வாய்வுப் பழக்கத்தை உத்தித் தேர்வுக்கு அப்படியே கொண்டுசெல்வது அடிக்கடி காணப்படும் பிழையாகும். தேர்வாளர் தம் நிறுவனத்தின் சிக்கலைச் சொன்னவுடன், இரண்டு நிமிடம் அவகாசம் கேட்டு, தாளில் கிளைப்படம் வரைந்து ஒப்பிப்பவர், உரையாட வந்தவராகத் தோன்றமாட்டார். இதற்கு எதிரான பிழையும் உண்டு. பல ஆண்டுகள் ஒரு தொழிலில் இருந்தவர் ஆலோசனைத் தேர்வுக்குச் செல்லும்போது, சிக்கலைக் கூறுபடுத்தாமல் தம் அனுபவத்திலிருந்து நேராக விடைக்குத் தாவுவார். விடை சரியாக இருந்தாலும், அதை அடைந்த வழி தெரியாததால் தேர்வாளரால் அதை மதிப்பிட முடியாது.

நிறுவனத்தின் தற்போதைய உத்தியை முற்றிலும் புகழ்வதும் முற்றிலும் குறை கூறுவதும் உத்தித் தேர்வில் தவிர்க்கப்பட வேண்டியவை. வெளியிலிருந்து தவறாகத் தெரியும் ஒரு முடிவுக்கு உள்ளே காரணம் இருக்கக்கூடும். அக்காரணத்தைக் கேட்டறிந்தபின் தம் கருத்தைச் சொல்வதே முறையாகும்.

மதிப்பீடும் விமர்சனங்களும்

பணித்தேர்வு முறைகளின் பயனை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். பால் சாக்கெட் முதலியோர் 2022 இல் வெளியிட்ட மீளாய்வின்படி, அனைவருக்கும் ஒரே கேள்விகளும் ஒரே மதிப்பீட்டு அளவுகோலும் கொண்ட ஒழுங்கமைந்த நேர்முகத் தேர்வுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையேயான ஒட்டுறவு 0.42 ஆகும். ஒழுங்கமையாத உரையாடல் வகைத் தேர்வுக்கு அது 0.19 மட்டுமே. இந்த நோக்கில், வரையறுத்த வடிவமுள்ள நிகழ்வாய்வுத் தேர்வு சாதகமான நிலையில் உள்ளது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் உத்தித் தேர்வு, தேர்வாளரின் விருப்பு வெறுப்புகளுக்கு எளிதில் ஆட்படக்கூடியது. மறுபுறம், வணிகத்தோடு தொடர்பில்லாத புதிர்க் கேள்விகளுக்கு ஆதரவு குறைந்துள்ளது. அத்தகைய கேள்விகள் பயனற்றவை எனக் கூகுளின் பணியாளர் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013 இல் தெரிவித்தார்.

நிகழ்வாய்வுத் தேர்வின் மீதான முக்கியமான விமர்சனம் வாய்ப்பின் சமமின்மை பற்றியதாகும். புகழ்பெற்ற வணிகப் பள்ளிகளின் மாணவர்களுக்கு மன்றங்களும், மூத்த மாணவர்களும், பயிற்சி இணையர்களும் எளிதில் கிடைக்கின்றனர். பிற கல்லூரிகளின் மாணவர் இத்தேர்வின் வடிவத்தையே தேர்வு நாளில்தான் முதன்முதலாகக் காணக்கூடும். அவ்வாறாயின் அத்தேர்வு அளப்பது சிந்தனைத் திறனையா, பயிற்சிக்குக் கிடைத்த வாய்ப்பையா என்ற கேள்வி எழுகிறது. ஆலோசனை நிறுவனங்கள் மாதிரி நிகழ்வாய்வுகளைத் தம் இணையத்தளங்களில் இலவசமாக வெளியிடுவது இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கிறது. அவற்றைக் கொண்டு இரு நண்பர்கள் மாறி மாறிப் பயில்வதற்குத் தாளும் எழுதுகோலும் ஒரு கடிகாரமும் போதும்.

உத்தித் தேர்வில் இச்சமமின்மை வேறு வடிவில் உள்ளது. இப்பணிகள் பலவேளைகளில் விளம்பரமின்றி, அறிமுகங்களின் வழியே நிரப்பப்படுகின்றன. ஆனால் இத்தேர்வுக்கான முதன்மைப் பாடநூலாகிய ஆண்டறிக்கை, பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனத்துக்கும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை உண்மையிலேயே முழுதும் படித்துவரும் விண்ணப்பதாரர் சிலரே என்பதால், அறிமுகம் இல்லாத ஒருவர் அழைப்பைப் பெற்றுவிட்டால், முன்னேறிச் செல்ல அதுவே அவருக்கு உறுதியான வழியாக அமைகிறது.